இடத்தை முதலில் சொல்லுங்கள்

ஜூன் 6

என் அருமைத் திருத்தக்காரிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். விடுதியில் அதே ஜன்னலோர அறைதானே? சாப்பாடு இந்நேரம் பழகியிருக்கும். அச்சகத்து வேலையும் பிடிபட்டிருக்கும். பாடப் புத்தகத்தில் பிழை பார்ப்பதெல்லாம் உனக்கு ஒரு வேலையா? என் சட்டைப் பொத்தான் மாறியிருந்தால் தெருமுனையிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் ஆயிற்றே. ஒப்பந்தம் செப்டம்பரில் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய், அதற்குள் நம் வீட்டுச் சமையலறைக் குழாயைச் சரி செய்துவிடுகிறேன். அனுப்பிய சிவப்புக் குடை கைக்கு அடக்கமாக இருக்கிறதல்லவா?

போன் வேண்டாம், இனி கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது ரொம்ப நல்லதாகப் போயிற்று. ஷிப்ட் முழுக்க ஊராருடைய அலறலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், போன் மணி அடித்தாலே எனக்குக் கை தானாக ஹெட்போனைத் தேடுகிறது. என் நிலைமை தெரிந்துதானே சொன்னாய்? உன்னைப் போல் புரிந்துகொள்கிறவள் யார்!

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேள். எங்கள் அவசர உதவி மையத்தில் புதிதாக ஓர் அதிகாரியைப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் பேசிய அழைப்புகளின் பதிவைப் போட்டுக் கேட்டு, எங்கே தப்பு என்று சொல்வதுதான் அவளுக்கு வேலை. என்னைவிடச் சின்னவள். துடைப்பம் வைத்திருந்த அறையைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள், அதில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஓர் ஒலிபெருக்கி. போனவன் எவனும் குத்துப்படாமல் வெளியே வந்ததில்லை, அதனால் குண்டூசி என்று பெயர் வைத்துவிட்டோம். இந்த வாரம் என்னைக் கூப்பிட்டாள். என்னை! இந்த மையத்தில் என்னை ஏன் மின்னல் என்று கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

விஷயம் இதுதான். போன வாரம் மத்தியானம் ஓர் ஆள் கூப்பிட்டான். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார், வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது, பேச்சுக் குழறுகிறது என்கிறான். எங்கே என்றேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பச்சை கேட்டு என்றான். இந்த ஊரில் எனக்குத் தெரியாத தண்ணீர்த் தொட்டியா? பேக்கரிக்கு எதிரில் இருக்கிற தொட்டிதானே என்றேன். "ஆமா ஆமா, சீக்கிரம் அனுப்புங்க" என்றான். அடுத்த மூச்சில் ஆம்புலன்ஸ் வண்டியை அனுப்பிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் பேக்கரித் தெருவில் பச்சை கேட்டே இல்லை. அவன் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், புதிதாகக் கட்டிய தொட்டிக்குப் பக்கத்தில். வண்டி திரும்பி வந்தபோது ரயில் கேட் மூடியிருந்தது. எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். பெரியவர் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் இன்னும் எழும்பவில்லையாம்.

ஆமாம் என்று சொன்னது அவன். நான் என்ன ஜோசியக்காரனா? குண்டூசி பதிவை ஓடவிட்டு, விரலால் தட்டி நிறுத்தி, "இங்க இடத்தைச் சொன்னது யாரு?" என்று கேட்கிறாள். அவன்தான் என்றேன். மறுபடி ஓடவிட்டாள். "இடத்தைச் சொன்னது நீங்க. அவர் ஆமான்னு மட்டும்தான் சொல்றார். பயந்துபோனவங்க எதைக் கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாங்க சார்." குரலை உயர்த்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. பதிவு முடியும் வரை நான் உட்காரவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

நீயே சொல், நான் செய்ததில் என்ன தப்பு? ஒன்றும் இல்லைதானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்,
மின்னல்


ஜூன் 15

அன்புள்ள மின்னலுக்கு,

நலம். ஆமாம், அறை அதேதான். ஆமாம், சாப்பாடு பழகிவிட்டது. வேலை பிடிபட்டுவிட்டது. குடை கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆமாம், செப்டம்பர்.

அந்தப் பெரியவரின் கை எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதுதான் மனதில் நின்றது. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என் கதையையும் கேளுங்கள். இங்கே பிழை பார்ப்பது இரண்டு பேராக. ஒருத்தி மூலப் பிரதியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், காற்புள்ளி முற்றுப்புள்ளி உட்பட. இன்னொருத்தி அச்சில் வந்த தாளில் விரல் வைத்துக்கொண்டே போக வேண்டும். முதல் மாதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தைகளா நாம் என்று நினைத்தேன். ஒருநாள் அவசரத்தில், எனக்குத்தான் தெரியுமே என்று, வாசிக்க ஆள் இல்லாமல் ஒரு கணக்குப் புத்தகத்தை நானே பார்த்து அனுப்பிவிட்டேன். கழித்தல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கூட்டல் குறி. எங்கள் தலைமைத் திருத்துநர் அந்தத் தாளை எடுத்துவந்து என் மேஜைமேல் வைத்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. திரும்பித் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

முகமெல்லாம் தீயாய்ச் சுட்டது. எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து நின்றுகொண்டு வாதாட ஆரம்பித்துவிட்டாள். வெளிச்சம் போதவில்லை, தாள் மங்கல், நேற்றிலிருந்து தலைவலி. நான் எழுந்து போய் என் டீ டம்ளரைக் கழுவினேன். அது ஏற்கெனவே கழுவிய டம்ளர்தான். கழுவி முடிப்பதற்குள் வக்கீலம்மா களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தேன், கூட்டல் குறி அங்கேயேதான் இருந்தது. சொந்தக் கண்ணுக்குத் தாளில் இருப்பது தெரிவதில்லை, மனதில் இருப்பதுதான் தெரிகிறது. அதற்குத்தான் இரண்டாவது ஆள்.

உங்களுக்குப் பாடம் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பதிவைக் கடைசி வரை கேட்டிருக்கலாமே?

அன்புடன்,
திருத்தக்காரி


ஜூன் 24

திருத்தக்காரிக்கு,

நீயும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டாயா? ஆறுதலாக நாலு வார்த்தை வரும் என்று கடிதத்தைப் பிரித்தால், டம்ளர் கழுவச் சொல்கிறாய். கூட்டல் குறி மாறினால் யாரும் சாவதில்லை. என் வேலையில் நின்று யோசித்தால் செத்துப்போவார்கள். உனக்கும் அவளுக்கும் அது எங்கே புரியப்போகிறது?

இரண்டாவது தடவை கூப்பிட்டாள். இந்த முறை வேறு மூன்று அழைப்புகளை எடுத்து வைத்திருந்தாள். எல்லாவற்றிலும் இடத்தை நான்தான் முதலில் சொல்கிறேனாம், மூன்றிலும் வண்டி சரியாகப் போனது அதிர்ஷ்டமாம். அதிர்ஷ்டம்! இந்த ஊரில் சந்து சந்தாக அலைந்து கற்றுக்கொண்டதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? எனக்கு வந்ததே கோபம். "நான் இந்த நாற்காலியில உட்கார்ந்தப்ப நீ பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருப்பே" என்று சொல்லிவிட்டேன். வெளியே கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "இருக்கலாம் சார். பதிவை இன்னும் ஒரு தடவை கேட்போமா?" என்றாள். நான் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் மேலிடத்து உத்தரவு கையில். அழைப்பு எடுக்கக் கூடாது. பக்கத்து நாற்காலிக்காரனோடு ஒட்டி உட்கார்ந்து, அவன் பேசுவதை ஹெட்போனில் கேட்க மட்டும் வேண்டும். என் பக்கத்து நாற்காலிக்காரனைத் தெரியும் அல்லவா, கடலை கொறித்துக்கொண்டே இருப்பானே, நாங்கள் ஆமை என்று கிண்டல் செய்வோமே, அவனேதான். மின்னல் போய் ஆமையிடம் பாடம் படிக்க வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி பதிவு பார்ப்பார்களாம். அப்போதும் இதே குறை இருந்தால், என்னை நாற்காலியை விட்டு எடுத்து மருந்துக் கிடங்கில் பஞ்சு எண்ணப் போட்டுவிடுவார்கள். இந்த வேலை போனால் எனக்கு வேறு என்ன தெரியும், சொல்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். மனசு கொதிக்கிறதே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க நம் அறைக்குப் பெயின்ட் அடித்தேன். பச்சை. உனக்குப் பிடித்த நிறம்தானே? உன் புத்தகங்களுக்கு ஓர் அலமாரியும் அடித்துவிட்டேன். செப்டம்பரில் நீ வந்து பார்த்தால் அசந்துபோவாய். எந்த வண்டி என்று மட்டும் எழுது, ராத்திரி வண்டியாகத்தான் இருக்கும், நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

அந்தப் பெரியவர் பற்றித் தெரியாது. எங்களுக்கு அதெல்லாம் சொல்வதில்லை.

உன்,
மின்னல்


ஜூலை 3

அன்புள்ளவருக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துவிட்டு எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை எனக்குப் பிடித்த நிறம் இல்லை. உங்கள் அம்மாவுக்குப் பிடித்தது. கல்யாணமான புதிதில் திரைச்சீலை வாங்கப் போனபோது "பச்சைதானே பிடிக்கும்" என்றீர்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார், ஆமாம் என்றேன். அன்றிலிருந்து பச்சைத் துண்டு, பச்சைச் செருப்பு, இப்போது சுவரும் பச்சை. இது சின்ன விஷயம்தான். ஆனால் சின்னதிலேயே சொல்லாமல் விட்டதால் பெரியதையும் சொல்ல வாய் வரவில்லை.

உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்து, கேள்விக்குறி எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டேன். தொழில் புத்தி. என்னைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்குள்ளும் பதிலை நீங்களே வைத்திருக்கிறீர்கள். நான் செய்ய வேண்டியது ஆமாம் என்று தலையாட்டுவது மட்டும்தான். கூடவே அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். பயந்துபோனவர்கள் ஆமாம் என்பார்கள் என்று அந்த அதிகாரி சொன்னாரல்லவா, களைத்துப்போனவர்களும் அதையேதான் சொல்வார்கள்.

போன் வேண்டாம் என்று நான் சொன்னது உங்கள் காதுக்காக இல்லை. போனில் என் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்கிறீர்கள். தாளில் எழுதினால் நான் போய் நிற்க வேண்டிய முற்றுப்புள்ளி வரை நானே போகலாம். அதற்காகத்தான்.

இதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கெட்டவர் என்று நான் என்றைக்குமே நினைத்ததில்லை. என்மேல் பாசம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன், இவ்வளவு பாசம் இருப்பதால்தான் எனக்கு மூச்சு முட்டுகிறது. இது திருத்தம். ஓரத்தில் போட்ட பென்சில் கோடு. நீங்கள் கதவை அறைந்து சாத்தலாம், அது உங்கள் இஷ்டம். அப்படியானால் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம், நான் புரிந்துகொள்கிறேன்.

செப்டம்பர் வண்டியைப் பற்றி இப்போது எழுதவில்லை.

அன்புடன்தான்,
திருத்தக்காரி


ஆகஸ்ட் 19

என் பிரியமானவளுக்கு,

பதில் வரவில்லை என்றதும் கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்திருப்பாய். (பார், மறுபடியும் நானே சொல்கிறேன். என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது.) பதில் எழுதினேன். உன் கடிதம் வந்த அன்றே, நாலு பக்கம். அதில் இருந்ததை உனக்குச் சொல்ல மாட்டேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது. உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் போனேன். பெட்டியின் வாய்க்குள் பாதிக் கடிதம் போய்விட்டது. அப்போது உன் டம்ளர் நினைவுக்கு வந்தது. எனக்கு எரிச்சலாகவே இருந்தது, இருந்தாலும் கடிதத்தை வெளியே இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, தொட்டியில் கிடந்த பாத்திரம் எல்லாவற்றையும் தேய்த்தேன். உனக்கு ஒன்று போதும், எனக்கு ஒரு தொட்டி தேவைப்பட்டது. அந்த வக்கீல் என் வீட்டிலும் இருக்கிறான், உன்னுடையவளைவிடத் தொண்டை பெரியது.

பிறகு நீ வட்டம் போட்ட கடிதங்களை எடுத்துப் படித்தேன். உன்னைத் திட்டுவதற்காகத்தான் எடுத்தேன். இரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது திட்ட வாய் வரவில்லை.

மறுநாள் குண்டூசியின் அறைக்கு நானே போய்க் கதவைத் தட்டினேன். அந்தத் தண்ணீர்த் தொட்டி அழைப்பைப் போடச் சொன்னேன், கடைசி வரை. அவள் போட்டாள். கைகளை மேஜைக்கு அடியில் கோர்த்து வைத்துக்கொண்டேன், இல்லாவிட்டால் எதையாவது தட்டிவிடுவேன். என் குரல் வந்தது, பேக்கரி, தொட்டி. அவன் "ஆமா ஆமா" என்றான். உடனே நான் வண்டி எண்ணைச் சொல்லி, வாசலில் ஆளை நிற்கச் சொல்லி, படபடவென்று பேசிக்கொண்டே போகிறேன். அந்தப் பேச்சுக்கு அடியில் இன்னொரு குரல் இருக்கிறது. "சார், இல்ல சார், புதுத் தொட்டி." இரண்டு தடவை சொல்கிறான். பிறகு நிறுத்திவிடுகிறான்.

அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நான் பேசிக்கொண்டிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. முதல் நாளே குண்டூசி இந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தாள், அதற்குள் நான் எழுந்து வந்துவிட்டேன். அவள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன். "உங்க மனசு ஆறணும்னு அவங்க வீட்டுக்குப் போகாதீங்க சார். அடுத்தவங்களுக்குச் சரியா பண்ணுங்க" என்றாள். அவளிடம் நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பள்ளிக்கூடப் பை விஷயம் உண்மைதான் என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நீ கேட்ட பெரியவரைப் பற்றி வண்டி ஓட்டுகிற ஆளிடம் விசாரித்தேன். இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டாராம். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வருகிறதாம். வண்டி நேராகப் போயிருந்தால் கை பிழைத்திருக்குமா என்று டாக்டராலேயே சொல்ல முடியாதாம். நானும் அதைத் தெரியாமலேயேதான் இருக்க வேண்டும்.

பிறகு ஆமையோடு உட்கார்ந்தேன். அவன் அழைப்பை எடுத்து "எங்க இருக்கீங்க?" என்பான், பிறகு வாயை மூடிக்கொள்வான். அவ்வளவுதான் அவன் வித்தை. அந்தப் பக்கத்தில் அழுகை, மூச்சு, யாரோ யாரையோ கூப்பிடுவது. எனக்கு நாக்கு நுனியில் பத்துத் தெருப்பெயர் வந்து நிற்கும். அவன் அசைய மாட்டான். பிறகு அவர்களே சொல்வார்கள், சொன்னதை அவன் ஒரு தடவை திருப்பிச் சொல்லச் சொல்வான். முதல் வாரம் எனக்குப் பைத்தியம் பிடித்தது. இரண்டாம் வாரம் ஒன்றைக் கவனித்தேன், அவன் அனுப்பிய வண்டி ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

போன வாரம் என்னை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். குண்டூசி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானம் ஒரு பெண் கூப்பிட்டாள். வீட்டுக்காரர் மின்விசிறி மாட்ட ஏணியில் ஏறி விழுந்துவிட்டார், தலையில் ரத்தம், கண் திறக்கவில்லை. அந்த எண்ணிலிருந்து முன்பு ஒரு தடவை அழைப்பு வந்திருக்கிறது, அந்தப் பழைய முகவரி என் திரையில் எழுத்து எழுத்தாக நிற்கிறது. சைக்கிள் கடைக்கு மேல் வீடு. எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். "சைக்கிள் கடை மாடிதானே?" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்றேன்.

பதில் இல்லை. மூச்சு மட்டும் வருகிறது. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். ஆமை கடலை மெல்லுவதை நிறுத்திவிட்டான். கிடங்கில் பஞ்சு எண்ணுவது கண்முன் வந்து போயிற்று. இந்தப் பெண் வாய் திறக்காமலே போய்விட்டால்? அந்த ஆள் செத்துவிட்டால்? ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும், அவள் ஆமாம் என்பாள், வண்டி கிளம்பிவிடும். நான் சொல்லவில்லை. "சொல்லுங்க, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

"எங்க வீட்டுல இல்லீங்க, தங்கச்சி வீட்டுல. சந்தைக்குப் பின்னாடி, மாவு மில்லுக்கு அடுத்த வீடு" என்றாள்.

சைக்கிள் கடை ஊரின் இந்தக் கோடி, சந்தை அந்தக் கோடி. வண்டி நேராகப் போயிற்று. ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் குண்டூசி அறையில் உட்கார வைத்து அந்த அழைப்பைப் போட்டாள். பாராட்டப்போகிறாள் என்று உள்ளூரச் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். "நல்லா இருந்தது சார். ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. கதவு திறந்திருக்கான்னு நீங்க கேட்கலை. நம்ம ஆளுங்க வாசல்ல நின்னு தட்டியிருக்காங்க" என்றாள். கழுத்திலிருந்து சூடு ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன், அது காது வரைக்கும் வந்து அப்படியே இறங்கிவிட்டது. "ஆமா. கேட்கலை" என்றேன். கதவு என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினேன். ஆமை என்னைப் பார்த்து, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். நாற்காலி இப்போதைக்குத் தப்பியது.

உன்னிடமும் அதே "ஆமா"தான். நீ சொன்னது சரி. நான் பேசிக்கொண்டிருந்தபோது நீ என்னென்ன சொன்னாயோ, நமக்குப் பதிவு எதுவும் இல்லை, திரும்பப் போட்டுக் கேட்க முடியாது. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. நீ இல்லாத வீட்டில் பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

செப்டம்பரைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை. கேட்பது இரண்டே கேள்வி.

நீ இப்போது எங்கே இருக்கிறாய்? என்ன நடந்தது?

சொல். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னுடைய,
நான்


ஆகஸ்ட் 27

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தில் பென்சிலோடு உட்கார்ந்தேன். இரண்டு கேள்விக்குள்ளும் பதில் ஒளிந்திருக்கவில்லை, வட்டம் போட வேலையில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு டம்ளரைக் கழுவினேன்.

உங்கள் மையத்து முறைப்படியே சொல்கிறேன், இடம் முதலில்.

நான் விடுதியில் இல்லை. மார்ச்சிலேயே மாறிவிட்டேன். நீங்கள் எழுதிய கடிதங்களெல்லாம் விடுதிக்கு வந்து, அங்கே கூட்டிப் பெருக்குகிற அக்கா போகிற வழியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அதே ஜன்னலோர அறைதானே என்றீர்கள், ஆமாம் என்று எழுதினேன். பொய்தான். இல்லை என்று எழுதினால் ஏன் எதற்கு என்று விளக்க வேண்டும், நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் நீங்களே ஒரு காரணம் கண்டுபிடித்து அதற்குச் சமாதானமும் சொல்லிவிடுவீர்கள் என்று விட்டுவிட்டேன். தவறான இடத்துக்கு உங்களை இத்தனை நாள் அலையவிட்டது நான்தான், அந்தப் பிழை என்னுடையது.

பேருந்து நிலையத்தில் இறங்கி, கடிகாரக் கடையை ஒட்டிய சந்தில் வாருங்கள். செருப்புத் தைக்கிறவர் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் வெளிப்பக்கமாக இரும்புப் படிக்கட்டு. மேலே இரண்டு அறை. நானே வெள்ளை அடித்தேன், மூலையில் எல்லாம் திட்டுத் திட்டாக இருக்கிறது. கைப்பிடிக் கம்பியில் சிவப்புக் குடை தொங்கும். இந்தச் சந்தில் இரண்டு இரும்புப் படிக்கட்டு உண்டு, குடையைப் பார்த்து ஏறுங்கள்.

என்ன நடந்தது என்று கேட்டீர்கள். ஏப்ரலில் அச்சகத்தில் என்னை நிரந்தரமாக இருக்கச் சொன்னார்கள். தலைமைத் திருத்துநர் ஓய்வு பெறுகிறார், அந்த மேஜை எனக்கு. அன்று சாயங்காலமே உங்களுக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? "எனக்கு இங்க ஒரு" என்று ஆரம்பித்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. "குடை வேணும், அவ்வளவுதானே, நாளைக்கே அனுப்பிடறேன்" என்றீர்கள். ஆமாம் என்றேன். குடை வந்தது. அன்றைக்குத்தான் இனிமேல் கடிதம் எழுதலாம் என்று முடிவு செய்தேன். கடிதத்திலும் சொல்ல வரவில்லை. பச்சைச் சுவர் கடிதம் வந்த மறுநாள் அந்த வேலைக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதனால் செப்டம்பரில் நான் வரவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் குறுக்கே பேசவில்லை. முற்றுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முதல் தடவையாகப் பார்க்க முடிந்தது. உங்களை விட்டுப் போக வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. நான் பேசுவது எனக்கே கேட்கிற ஓர் இடம் வேண்டியிருந்தது, அது இங்கே கிடைத்தது. இந்த வேலையை விட மாட்டேன். உங்களையும் விட மனம் வரவில்லை. இரண்டையும் எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, தெரியும் என்று சொல்லிவிடாதீர்கள்.

லீவு போட்டுவிட்டு வாருங்கள். அந்த ஆமையிடம் நாற்காலியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வந்து உட்காருங்கள். நான் பேசுவேன், நடுநடுவே நிறுத்துவேன். நிறுத்துகிற இடத்தில் நீங்களும் சும்மா இருங்கள்.

இடத்தையும் நடந்ததையும் கேட்ட நீங்கள் அந்த ஒன்றை மட்டும் இந்தத் தடவையும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். குண்டூசியம்மா பார்த்திருந்தால் ஓரத்தில் எழுதியிருப்பார். பரவாயில்லை, கேட்காமலே சொல்கிறேன்.

கதவு திறந்திருக்கிறது.

உங்கள்,
திருத்தக்காரி